25242243: இரண்டு மலைகள் ஒட்டிக்கொண்ட ஓர் எண்ணைக் கழற்றிப் பார்ப்பது எப்படி

அந்த எண் பலகையில் தவறுதலாகத்தான் வந்தது. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) முன்னால் தகரம் போட்ட கொட்டிலில் சனிக்கிழமை டியூஷன். தகரத்தில் மழை கொட்டியதில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. சத்தம் அடங்கும்வரை ஏதாவது எழுதட்டும் என்று ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியை எழுப்பி, நாட்டிலேயே உயர்ந்த மலையின் உயரத்தையும் சிவனொளிபாதமலையின் உயரத்தையும் எழுதச் சொன்னேன். பீதுருதாலகாலைக்கு 2524, சிவனொளிபாதமலைக்கு 2243. பிள்ளை சரியாகத்தான் எழுதினாள். இடைவெளி விடவில்லை, மீற்றர் என்றும் போடவில்லை.

25242243

"என்னா சேர் இது, போன் நம்பரா?" என்றான் பின் வாங்கில் இருந்த ஒருவன்.

அன்றைய பாடம் அதோடு மாறிவிட்டது. அன்று பிள்ளைகளோடு செய்ததையும், பிறகு வீட்டில் பிளேன்டி குடித்துக்கொண்டே நான் செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பேனை, கடதாசி, வாய்ப்பாடு போதும். கால்குலேட்டரை எடுத்து வையுங்கள். கடைசியில் சரிபார்க்க மட்டும் எடுக்கலாம்.

முதலில் வாசியுங்கள், பிறகு வெட்டுங்கள்

என் பாட்டி இருந்திருந்தால் இதை இரண்டு கோடியே ஐம்பத்திரண்டு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்று என்று வாசித்திருப்பார். பள்ளிக்கூடப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது: 25 242 243. பாட்டியின் வாசிப்பு காதுக்கு நல்லது, ஆனால் நம் வேலைக்குப் புத்தகத்தின் வெட்டுத்தான் உதவும். ஏன் என்று சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

கடைசி இலக்கம் 3. ஆகவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இதற்கு ஒரு நொடிக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

இலக்கங்களைக் கூட்டுங்கள்

2+5+2+4+2+2+4+3 = 24. 24 என்பது 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. எனவே நம் எண்ணும் 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. 24ஐ இன்னொரு முறை கூட்டினால் 6. இதுதான் ஏழாம் ஆண்டில் படித்த இலக்கச் சுட்டி.

இலக்கச் சுட்டியைப் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நான் சின்னவனாக இருந்தபோது அம்மா கொழுந்து எடுத்த தோட்டத்தில் ஒரு மாதக் கணக்கு 9 கிலோ குறைந்து வந்தது. அம்மா தினமும் நிறுவையை ஒரு பழைய கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தார். பக்கத்து லயத்துத் தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "ஒம்பது, பதினெட்டு, இருவத்தேழுன்னு கொறைஞ்சா எவனோ எலக்கத்த மாத்தி எழுதிட்டான்னு அர்த்தம். அத மாதிரி நாளத் தேடு" என்றார். தேடினோம். 21 கிலோ எடுத்த ஒரு நாள் 12 என்று பதிவாகியிருந்தது. ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படி இடம் மாற்றினாலும் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 9ஆல் வகுபடும். காரணம் சின்னது: 10, 100, 1000 எல்லாமே 9ஆல் வகுக்கும்போது 1ஐத்தான் மீதி விடும். அதனால் 9ஐப் பொறுத்தவரை ஓர் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது கணக்கே இல்லை, எந்த இலக்கம் என்பதுதான் கணக்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இலக்கச் சுட்டியால் கூட்டலைச் சரிபார்க்கும்போது இடம் மாறிய இலக்கம் பிடிபடாது. 21க்கும் சுட்டி 3, 12க்கும் சுட்டி 3.

சரி, 3ஆல் வகுப்போம்: 25242243 ÷ 3 = 8414081.

7, 11, 13 மூன்றையும் ஒரே வெட்டில்

மூன்று மூன்றாக வெட்டச் சொன்னது இதற்குத்தான். 7 × 11 × 13 = 1001. ஆயிரத்துக்கு ஒன்று கூடுதல். ஆகவே இந்த மூன்று எண்களின் கண்ணுக்கும் 1000 என்பது −1 போலத்தான் தெரியும். வலப்பக்கத் துண்டிலிருந்து தொடங்கி மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்:

243 − 242 + 25 = 26

இவ்வளவு பெரிய எண் 26ஆகச் சுருங்கிவிட்டது. 26 ஏழால் வகுபடாது, பதினொன்றால் வகுபடாது, பதின்மூன்றால் வகுபடும். மூல எண்ணுக்கும் அதே தீர்ப்புத்தான். வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது மழை நின்றிருந்தது. "இன்னொருக்கா சேர்" என்று கேட்டார்கள். அவர்கள் இன்னொரு முறை கேட்பது அடிக்கடி நடப்பதில்லை.

8414081 ÷ 13 = 647237. இந்தப் புதிய எண்ணிலும் 13 இருக்கிறதா என்று விடாமல் பாருங்கள். 237 − 647 = −410, அது 13ஆல் வகுபடாது. ஒரு காரணி கிடைத்ததும் அதையே மறுபடி சோதிக்காமல் அடுத்ததற்குத் தாவுவதுதான் பிள்ளைகள் அதிகம் விடும் பிழை. அந்தப் பிழை இந்த எண்ணில் எங்கே காலை வாரும் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்பீர்கள்.

எவ்வளவு தூரம் ஏற வேண்டும்?

ஓர் எண் இரண்டு காரணிகளாக உடைந்தால் அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 5024² = 25240576, 5025² = 25250625. நம் எண் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, ஆகவே ஆகக் கூடினால் 5024 வரை சோதிக்க வேண்டும். 5000 வரை மட்டுமே 669 முதன்மை எண்கள் (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுபவை) இருக்கின்றன. கேட்டதும் பின் வாங்கு பெருமூச்சு விட்டது.

ஆனால் ஒவ்வொரு காரணியைக் கழற்றும்போதும் உச்சி நம்மை நோக்கி இறங்கி வருகிறது. 3ஐக் கழற்றியதும் 8414081; எல்லை 2900. 13ஐக் கழற்றியதும் 647237, எல்லை 804. இரண்டே வகுத்தலில் ஏற்றத்தில் ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. ஆகவே சிறிய முதன்மை எண்ணிலிருந்து மேலே போங்கள், கிடைத்ததை உடனே வகுத்துவிடுங்கள், எல்லையை உடனே புதிதாகக் கணியுங்கள். முழு எண்ணையும் கையில் தூக்கிக்கொண்டே ஏறுவது வீண் வேலை.

17இலிருந்து 47 வரை

இது அலுப்பான பகுதி, சுருக்கிச் சொல்கிறேன். 647237ஐ வகுத்தால் 17க்கு மீதி 13, 19க்கு 2, 23க்கு 17, 29க்கு 15, 31க்கு 19, 37க்கு 33, 41க்கு 11, 43க்கு 1. ஒன்றே ஒன்று மீதி! 43 நூலிழையில் தவறியது.

அடுத்தது 47. இதற்கு நீள் வகுத்தல் செய்யாமல் வேறு வழி காட்டுகிறேன். 47 × 3 = 141. அதாவது 14 பத்துகளும் ஓர் ஒன்றும். இதிலிருந்து ஒரு விதி வருகிறது: கடைசி இலக்கத்தை வெட்டி எடுங்கள், அதை 14ஆல் பெருக்கி, மிஞ்சிய எண்ணிலிருந்து கழியுங்கள். 47ஆல் வகுபடுவது மாறாது.

647237: 64723 − 7×14 = 64723 − 98 = 64625
64625: 6462 − 70 = 6392
6392: 639 − 28 = 611
611: 61 − 14 = 47

47 தானாக வந்து நின்றது. 647237 ÷ 47 = 13771.

இப்போது முன்பு சொன்ன பிழையை நினைவில் வைத்து, அதே 47ஐ மறுபடி சோதியுங்கள். 1377 − 14 = 1363; 136 − 42 = 94. 94 என்பது 47இன் இரட்டிப்பு. ஆக மறுபடியும் வகுபடுகிறது: 13771 ÷ 47 = 293.

293 முதன்மை எண்ணா? புதிதாக எதையும் சோதிக்கத் தேவையில்லை. 293இன் வர்க்கமூலம் 18ஐ எட்டவில்லை. 47க்குக் கீழே உள்ள எல்லா முதன்மை எண்களையும் ஏற்கனவே தட்டிக் கழித்துவிட்டோம். வழியில் இல்லாத காரணி இப்போது எங்கிருந்து வரும்? 293 முதன்மை எண்தான்.

25242243 = 3 × 13 × 47² × 293

669க்கு மேல் சோதிக்க வேண்டுமோ என்று பயந்தோம். 2இலிருந்து 47 வரை எண்ணிப் பாருங்கள், பதினைந்து முதன்மை எண்களோடு வேலை முடிந்தது. எல்லா எண்ணுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி வைத்தால் கணினிகளே திணறும்; RSA என்ற இரகசியக் குறியீட்டு முறையின் காவலே அந்தத் திணறல்தான். RSA-250 என்ற 250 இலக்க எண்ணை 2020இல்தான் உடைத்தார்கள்.

விடையை இலக்கச் சுட்டியால் சரிபார்ப்போம். 3, 13, 47, 293 ஆகியவற்றின் சுட்டிகள் முறையே 3, 4, 2, 5. 3 × 4 × 2 × 2 × 5 = 240, சுட்டி 6. மூல எண்ணுக்கும் 6. இடம் மாறிய இலக்கத்தை இது பிடிக்காது என்பதால் ஒருமுறை பெருக்கியும் பாருங்கள்: 2209 × 293 = 647237.

வெவ்வேறு முதன்மைக் காரணிகள் நான்கு. இது கூடுதலா குறைவா? கும்பகோணத்து இராமானுஜனும் ஹார்டியும் 1917இல் காட்டியபடி, எண்கள் பெருகப் பெருக அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் வெவ்வேறு முதன்மைக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணின் இயற்கை மடக்கைக்கு (கால்குலேட்டரில் ln) மறுபடி மடக்கை எடுத்தால் வருவதை ஒட்டியே இருக்கும். நம் எண்ணுக்கு அது ஏறத்தாழ 2.8. ஆக நம் எண் சாதாரண ஆள்தான், சற்றே காரணி கூடியவர்.

உடைத்த பிறகு கையில் கிடைப்பவை

இனி வருவதெல்லாம் இறக்கம்.

எத்தனை காரணிகள்? ஒவ்வொரு முதன்மைக் காரணியும் எத்தனை தடவை வருகிறதோ அதனோடு 1ஐக் கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 2 × 3 × 2 = 24. இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 24ஆகத்தான் இருந்தது. இதில் ஆழமான காரணம் எதுவும் இல்லை, தற்செயல். ஆனாலும் பிள்ளைகள் கைதட்டினார்கள், நான் தடுக்கவில்லை.

காரணிகளின் கூட்டுத்தொகை: (1+3)(1+13)(1+47+2209)(1+293) = 4 × 14 × 2257 × 294 = 37159248. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 11917005. இது எண்ணின் பாதியைக்கூட எட்டவில்லை. 6, 28 போன்ற நிறைவெண்களில் இரண்டும் சமமாக வரும், நம்முடையது குறைவெண்.

எண்ணுக்குக் கீழே, அதனோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? ஒயிலரின் சூத்திரம்: 2 × 12 × (47 × 46) × 292 = 15151296. நூற்றுக்கு அறுபது. 3 ஒன்றே மூன்றில் ஒரு பங்கை அடித்துப் போட்டுவிடுகிறது. 293 போட்ட ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? ஒற்றைக் காரணிகள் எத்தனையோ அத்தனை வழி, எண்ணைத் தனியாக எழுதுவதையும் சேர்த்து. இங்கே 24. இரண்டு எண்களாக 12621121 + 12621122. மூன்றாக 8414080 + 8414081 + 8414082. மற்றவற்றை நீங்களே கண்டுபிடியுங்கள்.

1ஐ இந்த எண்ணால் வகுத்தால் வரும் மீளும் தசமம் எத்தனை இலக்கம் கழித்து மீளும்? 3க்கு 1, 13க்கு 6, 47²க்கு 2162, 293க்கு 146. இவற்றின் பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) 473478. மணிக்குக் கொப்பியில் ஆயிரம் இலக்கம் எழுதினாலும் தூங்காமல் கிட்டத்தட்ட இருபது நாள் எழுத வேண்டும்.

துவித எண்ணாக எழுதினால் 1100000010010101010000011. இருபத்தைந்து இலக்கம், அதில் ஒன்பது ஒன்றுகள். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

வர்க்கங்களோடு விளையாட்டு

எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும்.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம்: 24 காரணிகளைச் சோடி சேர்த்தால் 12 சோடி, ஆகவே 12 வழி. ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சோடி 3809 × 6627. இவற்றின் கூட்டுத்தொகையில் பாதி 5218, வித்தியாசத்தில் பாதி 1409. ஆகவே 25242243 = 5218² − 1409². 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா இதைத் தலைகீழாகச் செய்தார். 5025இலிருந்து ஒவ்வொன்றாக மேலே போய், அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் மிச்சம் சதுர எண்ணா என்று பார்ப்பது அவர் வழி. இந்த எண்ணுக்கு அப்படிச் செய்தால் 194ஆவது முயற்சியில்தான் பிடிபடும். பதினைந்து எங்கே, 194 எங்கே! காரணிகள் இரண்டும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குத்தான் ஃபெர்மாவின் வழி தோது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை? முடியாது. எந்தச் சதுர எண்ணையும் 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டைக் கூட்டினால் 0, 1, 2 தான் வரும். நம் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 43, மீதி 3. கதை முடிந்தது.

மூன்று வர்க்கங்கள் என்றால் வழி திறக்கிறது. 8ஆல் வகுத்தால் மீதி 3. ஒற்றை எண்ணின் வர்க்கம் எப்போதும் 8க்கு 1ஐ மீதி விடும். ஆகவே மூன்றும் ஒற்றை எண்களாக இருக்க வேண்டும். 5024க்குக் கீழே முதல் ஒற்றை எண் 5023. அதன் வர்க்கம் 25230529, மிச்சம் 11714. இதை இரண்டு ஒற்றை எண்களின் வர்க்கங்களாகப் பிரிக்க 107இலிருந்து இரண்டிரண்டாக இறங்கினேன். 107க்கு மிச்சம் 265, சதுரம் இல்லை. 105க்கு 689, இல்லை. 97இல் மிச்சம் 2305 வந்தபோது 48² என்று எழுதியே விட்டேன், அது 2304. பன்னிரண்டாவது முயற்சி 85: மிச்சம் 4489, அது 67².

25242243 = 5023² + 85² + 67²

இதன் பின்னால் ஒரு பழைய சந்தோஷம் இருக்கிறது. எந்த எண்ணையும் மூன்று முக்கோணி எண்களின் (1, 1+2, 1+2+3 என வருபவை; 0உம் சேரும்) கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று ஜெர்மானியக் கணித மேதை காவுஸ் 1796 ஜூலை 10ஆம் திகதி தன் நாட்குறிப்பில் 'யுரேக்கா' என்று குறித்து வைத்தார். அப்போது அவருக்கு வயது 19. நம் விடைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எண்ணிலிருந்து 3ஐக் கழித்து 8ஆல் வகுத்தால் 3155280. அதே போல் 5023, 85, 67 ஒவ்வொன்றிலிருந்தும் 1ஐக் கழித்துப் பாதியாக்கினால் 2511, 42, 33. அந்த இடங்களில் உள்ள முக்கோணி எண்கள் 3153816, 903, 561. கூட்டிப் பாருங்கள்.

மலைகளை இடம் மாற்றினால்

சிவனொளிபாதமலையை முன்னால் போட்டால் 22432524. இலக்கங்கள் அதேதான், எனவே 3 இங்கேயும் உண்டு. இரண்டுக்கும் வேறு பொதுக் காரணி உண்டா? நீள் வகுத்தல் வேண்டாம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 2809719. அது 9999 × (2524 − 2243), அதாவது 3² × 11 × 101 × 281. பொதுக் காரணி எதுவானாலும் இந்த வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். நம் எண்ணின் காரணிகளில் 3 ஒன்றுதான் அந்த வரிசையில் இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு தடவை. ஆக இரண்டின் பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.) 3.

தனித்தனியாகப் பார்த்தால் 2524 = 4 × 631. 2243ஓ முதன்மை எண். 47 வரை வகுத்துப் பாருங்கள், எதுவும் போகாது.

22432524ஐ உடைக்கும் வேலையை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். 24இல் முடிவதால் 4 போகும், 3 போகும். 12ஐக் கழற்றினால் 1869377. அடுத்த சனிக்கிழமை பலகையில் எழுதிய அதே பிள்ளை கொப்பியை நீட்டினாள். 7இலிருந்து ஒவ்வொன்றாக வகுத்து, 47இல் நின்றிருந்தாள்.

"ஒன்னு கூட இருந்தா 47 போயிருக்கும் சேர்."

சரியாகத்தான் சொன்னாள், 47இன் மடங்கு 1869378. எல்லை இன்னும் 1367இல்தான் நிற்கிறது, இந்த முறை மேலே போக வேண்டும், 80க்கு முன்னால் ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். உட்கார்ந்து 53இலிருந்து தொடங்கினாள்.